பருவமறிந்து வாழ்ந்த பெருந்தகை கைபரா எக்கென்

நாடாண்ட மன்னர் வரலாறும் போர்வென்ற வீரர் வரலாறும் நம் சிறுவர் பயிலும் நூல்களில் நிரம்ப உள்ளன. பிறவியிலேயே மெலிந்த உடலைப் பெற்று, அவ்வுடலைத் தம் அறிவால் ஆண்டு, எண்பது வயதைக் கடந்தும் நோயை வாயிலுக்கு வெளியே நிறுத்திவைத்த ஒருவரின் வரலாறு அவற்றில் இடம் பெறுவதில்லை. ஜப்பான் நாட்டில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த கைபரா எக்கென் என்னும் பேரறிஞர் அத்தகையவர். நலவாழ்வு பற்றி அவர் எழுதிய நூல் அந்நாட்டு மக்களால் இன்றும் விரும்பிக் கற்கப்படுகிறது.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு எங்கோ கீழ்த்திசைத் தீவில் பிறந்த ஒருவரின் கதை எதற்கு என்று வினவலாம். பிறநாட்டு நூல்களைக் கற்றபோதும் அவற்றை அப்படியே பின்பற்றாமல், தம் நாட்டு மண்ணுக்கும் பருவத்துக்கும் மக்கள் உடலுக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டவர் எக்கென். பிறந்த ஊரின் பழக்கங்களைச் சுமந்துகொண்டு வேறு மண்ணில் குடியேறியுள்ள நமக்கு இதனினும் பயனுள்ள பாடம் வேறில்லை. ஆதலின் அவர் வாழ்க்கையைச் சுருக்கமாக ஈண்டு வரைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

ஜப்பானின் தெற்குப் பகுதியில் உள்ள கியூஷூ தீவில், புக்குவோக்கா நகரில், 1630 ஆம் ஆண்டில் எக்கென் பிறந்தார். அப்பகுதியை அப்போது குரோடா மரபினர் ஆண்டு வந்தனர். எக்கெனின் தந்தையார் அம்மரபினரிடம் எழுத்தர் பணி புரிந்த சாமுராய் குலத்தவர். மருத்துவமும் ஓரளவு அறிந்தவர். செல்வம் மிக்க குடும்பம் அன்று. இளமையிலேயே தாயை இழந்த அச்சிறுவர் நோய்வாய்ப்பட்ட மெலிந்த உடலினர். பிற பிள்ளைகள் வெளியில் ஓடியாடிய வேளையில் அவருக்குத் துணையாக இருந்தவை நூல்களே. தந்தையார் மருத்துவத்தின் அடிப்படைகளைக் கற்பித்தார். தமையனார் சீன மொழியின் அறநூல்களைப் பயிற்றுவித்தார்.

உடல் நன்றாக இருப்பவர்க்கு உடலின் நினைவு வருவதில்லை. எக்கெனுக்கோ அந்நினைவு இளமையிலேயே வாய்த்தது. எதை உண்டால் வயிறு கனக்கிறது, எந்தக் காற்றுப் பட்டால் இருமல் வருகிறது என்று தம் உடலையே ஒரு நூலாக வைத்து அவர் படிக்கலானார். மெலிந்த உடல் அவருக்குக் குறையாகத் தோன்றிப் பின்னர் ஆசானாகவே அமைந்துவிட்டது.

பணியிழந்த ஏழாண்டுகள்

1648 ஆம் ஆண்டில் எக்கென் குரோடா மரபின் இரண்டாம் தலைவரிடம் பணியில் அமர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் தலைவரின் சினத்துக்கு ஆளாகிப் பணியை இழந்தார். தலைவனற்ற சாமுராய் ஒருவனுக்கு அக்காலத்தில் ஊதியமும் இல்லை. ஊரில் மதிப்பும் இல்லை. இந்நிலையில் அவர் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளைக் கழிக்க நேர்ந்தது. பிறர் மனமுடைந்து போயிருப்பர். எக்கெனோ அயல்நாட்டு வணிகர் வந்து தங்கும் துறைமுகமாகிய நாகசாக்கிக்குச் சென்று மருத்துவம் பயின்றார்.

1656 ஆம் ஆண்டில் மூன்றாம் தலைவர் அவரை மீண்டும் பணியில் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டே அவர் மேற்கல்விக்காகக் கியோத்தோ நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கும் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். அறநூல் வல்லாரோடும், மருந்துச் செடிகளை ஆராய்வாரோடும் பழகி, அவர் கல்வி முதிர்ந்தது. ஊர் திரும்பிய பின் தலைவர்க்கு அறநூல் உரைப்பதும், குரோடா மரபின் வரலாற்றைத் தொகுப்பதும், நாட்டு நிலைமையை ஆராய்ந்து எழுதுவதும் அவர் கடமைகளாயின. எழுபது வயதளவில், 1700 ஆம் ஆண்டில், அரசுப் பணியினின்றும் ஓய்வு பெற்றார்.

இல்லறம்

முப்பத்தெட்டு வயதளவில் எக்கென் மணம் புரிந்தார். மனைவியார் தோக்கென் அவரினும் இருபத்திரண்டு வயது இளையவர். கவின் எழுத்திலும் கோத்தோ என்னும் நரம்பிசைக் கருவியிலும் தேர்ந்தவர். அவருக்கும் உடல்நலம் குறைவே. மக்கட்பேறும் இல்லை. இத்தகைய இல்லத்தில் வருத்தமே குடிகொண்டிருக்கும் என்று எண்ணுதல் தவறு. மனைவியாரின் நோய் எது, கொடுத்த மருந்து எது, அது பயன்பட்டதா என்று எக்கென் குறித்துவைத்துப் பேணினார். இருவரும் சேர்ந்தே கியோத்தோவுக்குப் பயணம் செய்து மலர்களைக் கண்டனர், இசை பயின்றனர். மெலிந்த உடலினர் இருவர் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒருவரை ஒருவர் பேணி வாழ்ந்த அவ்வில்லமே பின்னர் எழுந்த நலவாழ்வு நூலுக்கு ஆய்வுக்களமாயிற்று எனலாம்.

முதுமையில் பூத்த நூல்கள்

எக்கென் ஏறத்தாழ அறுபது நூல்கள் இயற்றியவர். அவற்றுட் பெரும்பாலான அவர் பணி ஓய்ந்த பின்னரே வெளிவந்தன. சிக்குசென் நாட்டின் ஊர்கள்தோறும் சென்று தொகுத்த நாட்டு வரலாறு 1703 இல் நிறைவுற்றது. ஜப்பானில் விளையும் செடி கொடி விலங்கு முதலியவற்றுள் 1,362 பொருள்களை விளக்கும் ‘யமாத்தோ ஹொன்ஸோ’ 1709 இல் வெளிவந்தது. அதுகாறும் ஜப்பானியர் மருந்துச் செடிகளைச் சீன நூல்களைக் கொண்டே அறிந்தனர். சீன நூலில் உள்ள செடி தம் நாட்டில் உண்டா, பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றா என்று கண்ணால் கண்டு எழுதியது எக்கெனின் பெருமை.

1713 இல், எண்பது கடந்த வயதில், ‘யோஜோகுன்’ என்னும் நலவாழ்வு நூல் வெளிவந்தது. எட்டுப் பகுதிகளைக் கொண்ட அந்நூல் உணவு, உறக்கம், நீராடல், மருத்துவரைத் தேர்தல், முதியோரைப் பேணல், குழந்தை வளர்ப்பு ஆகிய அனைத்தையும் உரைக்கிறது. கற்றோர்க்கு மட்டும் விளங்கும் சீன மொழியில் எழுதாமல், எளிய மக்களும் படிக்குமாறு தாய்மொழியில் அதனை அவர் எழுதினார். அவ்வயதிலும் தம் பற்களுள் ஒன்றேனும் விழவில்லை என்றும், இரவில் சிறிய எழுத்துகளைப் படிக்கவும் எழுதவும் முடிகிறது என்றும் அதில் குறித்துள்ளார்.

அவருடைய பெயரிலும் ஒரு நயம் உண்டு. வாழ்நாளின் பெரும்பகுதியில் அவர் ‘சொன்கென்’ என்னும் புனைபெயரையே கொண்டிருந்தார். அதன் முதற்பகுதி இழப்பைக் குறிப்பது. ‘எக்கென்’ என்பது முதுமையில் சூடிய பெயர். அதன் முதற்பகுதி ஆக்கத்தைக் குறிப்பது. பலர் வாழ்க்கையில் ஆக்கம் முன்னும் இழப்புப் பின்னும் வருகின்றன. அவர் வாழ்க்கையில் அவ்வரிசை மாறி அமைந்தது.

வயிற்றுக்கும் காலுக்கும் அவர் வகுத்த நெறி

உடலுக்குப் பகை இரண்டு என்பது எக்கெனின் கொள்கை. ஒன்று உள்ளிருந்து எழும் பகை: உணவு, உறக்கம், இன்பம், சினம், கவலை ஆகியவற்றில் அளவு கடத்தல். மற்றொன்று புறத்திருந்து வரும் பகை: காற்று, குளிர், வெப்பம், ஈரம். முன்னதை அடக்கியும் பின்னதற்கு அஞ்சியும் வாழ்தலே நலவாழ்வு என்றார்.

வயிறு முழுதும் நிரம்புமுன், எட்டு ஒன்பது பங்கு நிரம்பிய அளவில் உண்பதை நிறுத்தவேண்டும் என்பது அவர் நெறி. இரவு உணவு காலை உணவினும் குறைந்திருத்தல் வேண்டும். உண்ட பின் சில நூறு அடி மெல்ல நடத்தல் வேண்டும். மழை பெய்யுமாயின் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். புகையிலை நச்சுத்தன்மை உடையது. தொடக்கத்திலேயே அதனைத் தொடாதிருத்தல் நன்று. மருத்துவன் செல்வர் வறியர் என்ற வேறுபாடின்றி அருளோடு மருத்துவம் செய்யவேண்டும். நம் வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில் மருந்தின் பெயர் ஒன்றும் கூறாமல் பெரும்பாலும் உணவின் அளவையே பேசுவதை அறிந்தோர்க்கு, இவ்விரு சான்றோரும் ஒரு திண்ணையில் அமர்ந்து உரையாடுவது போலத் தோன்றும்.

மற்றொரு செய்தி நாம் ஊன்றி நோக்கத் தக்கது. சீனர் உடல் வேறு, ஜப்பானியர் உடல் வேறு. சீன நூல் கூறும் மருந்தளவை அப்படியே கொடுத்தால் நம்மவர் தாங்கார் என்று எக்கென் துணிந்து எழுதினார். சீனக் கல்வியையே உயிராகக் கற்றவர் கூறிய சொல் இது. ஆசானை மதித்தார், ஆயினும் தம் மண்ணை மறந்தாரல்லர்.

பருவங்களும் வழக்கங்களும்

எக்கெனின் தமையன் மகன் தொகுத்து, எக்கென் திருத்தம் செய்த ‘நிஹோன் சாய்ஜிகி’ என்னும் நூல் 1688 இல் வெளிவந்தது. ஓராண்டில் மாதந்தோறும் ஜப்பானியர் மேற்கொள்ளும் வழக்கங்களைக் கூறுவது அது. ஆண்டை இருபத்துநான்கு சிறு பருவங்களாகப் பகுத்து, அதற்கேற்ப உணவையும் உடையையும் மாற்றிக்கொள்வது அந்நாட்டு மரபு. முதல் மாதம் ஏழாம் நாள், பனி நீங்கித் துளிர்க்கும் எழுவகைக் கீரைகளை இட்டுக் கஞ்சி காய்ச்சுவர். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், வசம்பின் இலைகளை வெந்நீரில் இட்டு நீராடுவர். நம் தாய்மார் பிள்ளை வளர்ப்பான் என்று போற்றும் அதே வசம்புதான். பகற்பொழுது மிகக் குறுகிய குளிர்கால நாளில் பரங்கிக்காய் உண்பர். எலுமிச்சை இனத்து யூசுக் கனிகளை வெந்நீரில் மிதக்கவிட்டு நீராடுவர். பொங்கலன்று பரங்கிக்காய்க் குழம்பு வைக்கும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

ஆனால் 1873 ஆம் ஆண்டில் ஜப்பான் தன் பழைய நாட்காட்டியைக் கைவிட்டு ஐரோப்பிய நாட்காட்டியை ஏற்றது. பழைய கணக்கில் பிப்பிரவரியை ஒட்டி வந்த கீரைக் கஞ்சித் திருநாள் சனவரி ஏழாம் நாளுக்கு மாறியது. அன்று பல இடங்களில் கீரை துளிர்ப்பதே இல்லை. வழக்கம் நின்றது, பருவம் விலகிப்போயிற்று. இன்று அக்கீரைகளைக் காப்பிடங்களில் வளர்த்துக் கடைகளில் கட்டாக விற்கின்றனர். பருவத்தினின்றும் பிரிந்த வழக்கம் எவ்வாறு வெறும் அடையாளமாக மெலிகிறது என்பதற்கு இஃதொரு சான்று.

நம் மண்ணின் பருவங்கள்

இனி நம் நிலையை எண்ணுவோம். நம்முள் காவிரிக் கரையிலிருந்து வந்தோரும் உளர். காஞ்சி, வேலூர்ப் பக்கத்தினின்று வந்தோரும் உளர். கொண்டுவந்த பழக்கம் எல்லாம் நல்லதே. எனினும் அது இம்மண்ணின் வெயிலையும் மழையையும் அறிந்து நடக்கவேண்டும்.

ஆண்டு முழுவதிலும் மிக்க காவல் வேண்டிய காலம் வேனிற்காலமே என்று எக்கென் எழுதினார். சேசாசலப் பாறைகள் அனலைக் கக்கும் சித்திரை, வைகாசியில் திருப்பதியில் வாழ்ந்தோர்க்கு அதன் உண்மை விளங்கும். வேனிலில் செரிக்கும் ஆற்றல் தளர்கிறது. ஆதலின் குறைவாக உண்க, மிகக் குளிர்ந்தவற்றை விலக்குக, வியர்த்த உடலோடு காற்றில் உறங்கற்க என்பன அவர் அறிவுரைகள். அவர் அஞ்சியது மிகக் குளிர்ந்த நீருக்கே. நீர் அருந்துவதையே அவர் விலக்கியதாகக் கொள்ளலாகாது. நம் வெயிலுக்குப் பலமுறை நீர் அருந்துதல் இன்றியமையாதது. நம் முன்னோர் இராமநவமிக்கு வகுத்த பானகமும் நீர்மோரும் ஒரு நாள் படையலோடு முடிவதற்கு உரியனவல்ல. வேனில் முழுவதும் அருந்துவதற்கு உரியன. பனிக்கட்டிப் பெட்டியினின்றும் எடுத்த இனிப்பு நீரைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, பூசையறையில் மட்டும் பானகம் வைப்போமாயின், கீரையில்லாக் காலத்துக் கீரைக் கஞ்சியைப் போன்றதே நம் வழக்கமும்.

இவ்விடத்து மக்கள் நமக்குக் கற்பிப்பதும் உண்டு. மே மாதத்தில் திருப்பதி கங்கம்மன் திருவிழாவில் கேழ்வரகு அம்பலி படைக்கின்றனர். நாம் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகின்றோம். கேழ்வரகு ஒன்றே, தெய்வத் தாயும் ஒருத்தியே, நாள் மட்டும் வேறு. தெலுங்கர் உண்ணும் ராகி சங்கடி நம் பாட்டியர் கிண்டிய களிதான். யுகாதிப் பச்சடியில் அவர் இடும் வேப்பம்பூவை நாம் சித்திரை முதல் நாளில் இடுகின்றோம். அண்டை வீட்டாரின் அடுக்களையை உற்று நோக்குவோர்க்கு இம்மண்ணின் பருவ நூல் அங்கேயே விரிந்து கிடக்கிறது.

வேனிலில் தளர்ந்த உடல் இறுகுமுன் கூதிர்க் காற்றுப் படுவது தீது என்பது எக்கெனின் மற்றோர் எச்சரிக்கை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்கள் வெள்ளக்காடானதை யாரும் மறந்திருக்க இயலாது. அக்காலத்தில் குடிநீரைக் காய்ச்சி அருந்துதலும், வீட்டைச் சுற்றி நீர் தேங்காமல் காத்தலும், தீபாவளி மருந்தை ஓர் உருண்டையோடு நிறுத்தாமல் இஞ்சி, மிளகு, சுக்கு ஆகியவற்றை அன்றாட உணவில் சேர்த்தலும் நன்று. நல்ல நீரையே தேர்ந்து அருந்துமாறு எக்கெனும் வற்புறுத்தினார்.

குளிர்காலத்தில் அளவுக்கு மீறி நெருப்பருகே இருத்தலும் மிகுதியாகப் போர்த்திக்கொள்ளலும் வேண்டா என்றும், பகல் மிகக் குறுகிய நாளில் உடலை வருத்தும் வேலை கூடாது என்றும் அவர் கூறினார். ஆண்டின் கடைசி நாளில் முன்னோரை வழிபடும் இடத்தையும், வீட்டையும், சிறப்பாகப் படுக்கையறையையும் தூசு நீக்கவேண்டும் என்றார். நம் போகியும் வீட்டைத் தூய்மை செய்யும் நாளே. பழைய பாய்களோடு நெகிழிப் பொருள்களையும் எரித்து, மார்கழிப் பனியில் புகையைச் சேர்ப்பது அந்நாளின் கருத்தன்று. இருமும் முதியவர்க்கும் கைக்குழந்தைக்கும் அது தீங்கே செய்யும்.

எக்கென் கூறிய யாவும் இன்றும் கொள்ளத் தக்கன என்று நாம் கூறவில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை உடல் நீராடும் பழைய முறையை அவர் எடுத்துக் காட்டுகிறார். நம் வெயிலுக்கு அது பொருந்தாது. சூடு வைத்தல் முதலிய பழைய மருத்துவ முறைகளை இன்றைய மருத்துவரைக் கேளாமல் மேற்கொள்ளலும் ஆகாது. அவர் நூலை அப்படியே பின்பற்றுதல் அவர் நெறிக்கே மாறானது. சீன நூலை அவர் எவ்வாறு கற்றாரோ, அவ்வாறே அவர் நூலை நாம் கற்றல் வேண்டும்.

இறுதியும் எஞ்சிய புகழும்

1714 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தோக்கென் அம்மையார் மறைந்தார். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் எக்கெனும் இவ்வுலகை நீத்தார். ஜப்பானியர் கணக்குப்படி அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து. புக்குவோக்காவில் கின்ரியூஜி என்னும் கோயிலில் கணவன் மனைவி இருவரின் கல்லறைகளும் அருகருகே உள்ளன. இளமையில் நெடுநாள் வாழ்வார் என்று எவரும் எதிர்பாராத மெலிந்த பிள்ளை, தம் காலத்தவருள் மிகச் சிலரே எட்டிய முதுமையை எட்டி, இறுதி ஆண்டு வரை எழுதிக்கொண்டேயிருந்தார்.

நம் இல்லங்களில் இன்றும் பாட்டியர் சிலர் எந்த மாதத்தில் எதை உண்பது, எந்த நோய்க்கு எந்தக் கீரை என்பதை நினைவில் வைத்துள்ளனர். அவர்கள் தமிழில் கூறுவதை, தெலுங்கும் ஆங்கிலமும் பயிலும் நம் பேரப்பிள்ளைகள் நின்று கேட்பது குறைந்து வருகிறது. காரணம் அறியாமல் கூறுவோர்க்கும் கேளாமல் நகர்வோர்க்கும் இடையே ஒரு செல்வம் மறைந்துகொண்டிருக்கிறது. எக்கென் எழுதிவைத்தார்; ஆதலின் முந்நூறு ஆண்டு கடந்தும் நாம் அறிகின்றோம். இவ்வாண்டு நம் சங்கத்துக் குடும்பம் ஒவ்வொன்றும் ஓர் ஏட்டை எடுத்து, சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரு மாதங்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் வீட்டுப் பெரியோர் கூறும் உணவையும் ஒழுக்கத்தையும், அண்டை வீட்டார் கூறுவதையும் பிள்ளைகள் கையாலேயே எழுதச் செய்க. அடுத்த ஆண்டு விழாவில் அவ்வேடுகளை ஒருங்கு வைத்துப் பார்ப்போமாயின், சித்தூர் மண்ணில் தமிழர் நலமாக வாழ்வதற்கான நூல் ஒன்று நம் கையிலேயே இருக்கும்.

அனைவரும் நோயற்று வாழ்க!